கம்பெனியின் பழைய தவறை எத்தனை நாள் மனதில் வைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுகர்வோர் குறைகளைக் கேட்டு, புகார் எழுதித் தரும் சிறிய குழு ஒன்றில் பல வருடங்களாக இருக்கிறேன். புகார் எழுதி முடித்த பிறகும் வந்தவர்கள் உடனே எழுந்து போவதில்லை. "சரி, இனிமே அவங்ககிட்ட வாங்கலாமா, கூடாதா?" என்று கேட்டுவிட்டுத்தான் போவார்கள். வேறு யாரோ பட்ட கஷ்டத்தைப் படித்துவிட்டு அதே கேள்வியோடு வருபவர்களும் உண்டு. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்ததால், கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, என் பதில்களையும் சேர்த்து வைத்திருக்கிறேன்.

ஒரு கம்பெனி தப்பு பண்ணா, எத்தனை வருஷம் அதை மனசுல வெச்சுக்கணும்?

ஐந்து வருடம், பத்து வருடம் என்று ஓர் எண்ணைச் சொல்ல எனக்கும் ஆசைதான். ஆனால் வருடங்கள் ஓடுவதால் மட்டும் எதுவும் சரியாவதில்லை. நான் முதலில் பார்ப்பது, எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதைத்தான். தவறு நடந்த நாளிலிருந்து எண்ணினால் வாயை மூடிக்கொண்டு காத்திருந்தவர்களுக்குத்தான் லாபம். நிறுவனம் உண்மையை ஒப்புக்கொண்டு, பாதிக்கப்பட்டவர்களுக்கு ஈடு கொடுத்து, மறுபடி நடக்காதபடி தன் வழிமுறையை மாற்றிய நாளிலிருந்து எண்ண வேண்டும். அந்த நாள் வரவே இல்லை என்றால், தவறு நடந்து 40 வருடம் ஆகியிருந்தாலும் கணக்கு இன்னும் தொடங்கவில்லை.

அந்த நாள் வந்த பிறகு எவ்வளவு காலம் என்பது தவறின் கனத்தைப் பொறுத்தது. பில்லில் கூடுதலாகப் பிடித்தவர்கள் ஒன்றிரண்டு வருடம் ஒழுங்காக இருந்தால் நான் விட்டுவிடுவேன். உயிர் போன விஷயம் என்றால், அதே மாதிரி ஒரு சிக்கல் மறுபடி வரும்போது அவர்கள் எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று ஒரு தடவையாவது பார்க்காமல் நம்ப மாட்டேன்.

கம்பெனி என்ன மனுஷனா, அது மேல கோபப்பட?

அதற்கு மனசாட்சி கிடையாது, உண்மைதான். ஆனால் பழக்கம் உண்டு. யாருக்கு போனஸ் கிடைக்கிறது, எந்தப் புகார் மேலிடம் வரை போகிறது, எது பாதி வழியில் அமுக்கப்படுகிறது என்பதெல்லாம் அந்தப் பழக்கம். ஆட்கள் வந்து போனாலும் அது தங்கிவிடும். அதனால் கோபம் என்பதைவிட, கடன் வாங்கித் திருப்பித் தராதவரிடம் நாம் காட்டும் எச்சரிக்கை என்று இதை வைத்துக்கொள்ளலாம். சொத்து வாங்க, வழக்குப் போட, ஒப்பந்தம் போட எல்லாம் சட்டம் நிறுவனத்தை ஒரு நபராகவே ஏற்கிறது. லாபம் வரும்போது நபர், பழி வரும்போது வெறும் பெயர்ப்பலகை என்றால் அது நியாயமில்லை.

கோர்ட்டுல அபராதம் கட்டிட்டாங்களே, அப்புறம் என்ன?

அபராதம் அரசாங்கத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான கணக்கு. பெரும்பாலும் அந்தப் பணம் பாதிக்கப்பட்டவர் கைக்கு வருவதில்லை. அதைவிட முக்கியம், அபராதம் கட்டுவதும் மாறுவதும் வேறு வேறு. ஆக்ஸிகான்டின் என்ற வலி மாத்திரையை விற்ற அமெரிக்காவின் பர்டியூ ஃபார்மாவின் இணை நிறுவனம், அந்த மாத்திரைக்கு அடிமையாகும் ஆபத்தைக் குறைத்துக் காட்டியதாக 2007-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு சுமார் 60 கோடி டாலர் கட்டியது. 2020-இல் அதே மாத்திரை தொடர்பான வேறு குற்றங்களை பர்டியூ ஃபார்மாவே ஒப்புக்கொண்டது. நடுவில் இருந்த 13 வருடங்களில் "அதான் அபராதம் கட்டிட்டாங்களே" என்று விட்டவர்கள் ஏமாந்தார்கள்.

சட்டம் இதுக்கு ஏதாவது காலக்கெடு வெச்சிருக்கா?

சில இடங்களில் வைத்திருக்கிறது, அதைத் தெரிந்துகொள்வது நமக்கும் உதவும். அமெரிக்கக் கூட்டாட்சி தண்டனை வழிகாட்டு விதிகளில், ஒரு நிறுவனம் முன்பு தண்டிக்கப்பட்டு 10 வருடத்துக்குள் அதே போன்ற குற்றத்தைச் செய்தால், அபராதத்தைக் கணக்கிட உதவும் குற்ற மதிப்பெண் கூடும். 5 வருடத்துக்குள் செய்தால் இன்னும் கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தின் அரசுக் கொள்முதல் சட்டத்தில், குற்றம் நிரூபிக்கப்பட்ட நிறுவனத்தை டெண்டரிலிருந்து விலக்கிவைக்க உச்ச வரம்பு பொதுவாக 5 வருடம். உலக வங்கி, ஊழல் செய்த ஒப்பந்ததாரரை வழக்கமாக 3 வருடம் விலக்கிவைக்கும், ஆனால் 3 வருடம் முடிந்ததும் கதவு தானாகத் திறக்காது. சொன்ன நிபந்தனைகளை நிறைவேற்றியதைக் காட்ட வேண்டும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த ஐரோப்பியச் சட்டத்தில் உள்ள ஒரு பிரிவு. காலம் முடிவதற்கு முன்பே ஒரு நிறுவனம் உள்ளே வரலாம், ஆனால் மூன்றைக் காட்ட வேண்டும்: நஷ்ட ஈடு கொடுத்தது அல்லது கொடுக்க உறுதி தந்தது, நடந்ததை முழுதாக வெளிக்கொண்டுவர விசாரணைக்கு ஒத்துழைத்தது, மறுபடி நடக்காமலிருக்க ஆட்களிலும் அமைப்பிலும் மாற்றம் செய்தது. முதல் பதிலில் நான் சொன்ன "எண்ணத் தொடங்கும் நாள்" கிட்டத்தட்ட இதுதான்.

காலக்கெடுவே இல்லாத தண்டனையும் உண்டு. வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே அவர்கள் பெயரில் லட்சக்கணக்கான கணக்குகள் திறந்த வெல்ஸ் ஃபார்கோ வங்கிக்கு, 2018-இல் அமெரிக்க மத்திய வங்கி ஒரு தடை போட்டது: நிர்வாகத்தைச் சரிசெய்யும் வரை உன் மொத்தச் சொத்து இதற்கு மேல் வளரக்கூடாது. எத்தனை வருடம் என்று சொல்லவில்லை. 2025 ஜூன் மாதம்தான் அது நீங்கியது. ஏழு வருடத்துக்கு மேல் ஆனது, அவ்வளவு காலம் எடுத்தது வங்கிதான். தேதியைப் பார்க்காமல் வேலையைப் பார்த்துப் போட்ட தண்டனை இது.

மன்னிப்பு கேட்டுட்டாங்க. இன்னும் பிடிச்சுத் தொங்கறது நியாயமா?

மன்னிப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்ற வரியை நான் நூற்றுக்கணக்கான கடிதங்களில் படித்திருக்கிறேன். சிரமம் தானாக ஏற்பட்டதாம். யார் செய்தது, என்ன செய்தது, எத்தனை பேருக்கு என்று எதுவும் இருக்காது. "இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதி வரை இத்தனை பேரிடம் தவறாகப் பணம் பிடித்தோம், எங்களுக்கு இந்த மாதமே தெரியும், சொல்லவில்லை" என்று ஒரே ஒரு கடிதம் வந்தது. அதைக் கொண்டுவந்த அம்மா அதை இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டார். அப்புறம் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

எப்போது கேட்டார்கள் என்பதும் உண்டு. கர்ப்பிணிகளும் சாப்பிட்ட தாலிடோமைடு மாத்திரையை ஜெர்மனியின் க்ரூனென்தால் நிறுவனம் 1957 முதல் விற்றது. உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான குழந்தைகள் கை கால் வளராமல் பிறந்தன. 1961 நவம்பரில் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். நிறுவனத்தின் தலைவர் மன்னிப்புக் கேட்டது 2012 ஆகஸ்டில், பாதிக்கப்பட்டவர்கள் நினைவாக ஒரு வெண்கலச் சிலையைத் திறந்துவைத்தபோது. 50 வருடம் கழித்து! அந்தக் குழந்தைகள் அப்போது நடுவயதை எட்டியிருந்தார்கள். அவர்களில் பலர் அந்த மன்னிப்பை ஏற்கவில்லை. அவர்கள் பக்கம்தான் நானும்.

அப்ப இருந்த மேனேஜர், முதலாளி யாருமே இப்ப இல்லையே?

யார் போனார்கள் என்று கேளுங்கள். முன் சொன்ன வெல்ஸ் ஃபார்கோ விவகாரம் 2016-இல் வெளிவந்தபோது, ஏற்கெனவே சுமார் 5,300 ஊழியர்களை வேலையை விட்டு அனுப்பியதாக வங்கி சொன்னது. பெரும்பாலும் கிளைகளில் கவுன்டரில் உட்கார்ந்து, எட்ட முடியாத இலக்கைத் துரத்திக்கொண்டிருந்தவர்கள். அந்த இலக்கை வைத்தவர்கள் அப்போது நாற்காலியில்தான் இருந்தார்கள். அடிமட்டத்து ஆட்கள் மட்டும் மாறியிருந்தால் எதுவும் மாறவில்லை என்றே வைத்துக்கொள்வேன்.

சீமென்ஸ் கதை வேறு மாதிரி. பல நாடுகளில் ஒப்பந்தம் பிடிக்க லஞ்சம் கொடுத்தது அம்பலமாகி, 2008 டிசம்பரில் அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சேர்த்து சுமார் 160 கோடி டாலர் கட்டியது. அதற்கு முந்தைய வருடமே வெளியிலிருந்து ஒருவரைத் தலைமை நிர்வாகியாகக் கொண்டுவந்தார்கள். உயர்மட்டத்தில் பெரும்பகுதி மாறியது. வெளியாள் ஒருவர் நான்கு வருடம் உள்ளே இருந்து கண்காணிக்கவும் ஒப்புக்கொண்டார்கள். ஆள் மாற்றம் என்று இதைத்தான் சொல்லலாம்.

பேரை மாத்திக்கிட்டாங்க. இப்ப வேற கம்பெனி மாதிரிதான் இருக்கு?

பெயர் மாறுவது எனக்கு ஒரு எச்சரிக்கை மணி. 1996 மே மாதம் வேல்யூஜெட் விமானம் ஒன்று ஃப்ளோரிடாவின் சதுப்பு நிலத்தில் விழுந்து 110 பேர் இறந்தார்கள். அடுத்த வருடம் அந்த நிறுவனம் சிறிய நிறுவனம் ஒன்றோடு இணைந்து, அதன் பெயரான ஏர்ட்ரானை எடுத்துக்கொண்டது. சிகரெட் விற்ற ஃபிலிப் மாரிஸின் தாய் நிறுவனம் 2003-இல் ஆல்ட்ரியா ஆனது. பிளாக்வாட்டர் என்ற தனியார் பாதுகாப்பு நிறுவனம், ஈராக்கில் பொதுமக்களைச் சுட்டுக் கொன்ற பிறகு, சில வருடத்துக்குள் இரண்டு தடவை பெயர் மாற்றியது.

பெயர் மாற்றியவர்கள் எல்லோரும் மோசடிக்காரர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் பழைய பெயரை அவர்களுடைய இணையதளத்தில் தேடிப் பாருங்கள். "முன்பு நாங்கள் இன்னார், இது நடந்தது" என்று நேராக எழுதியிருந்தால் மதிப்பேன். வரலாற்றுப் பக்கமே பெயர் மாறிய வருடத்தில்தான் தொடங்குகிறது என்றால், பழைய கணக்கையும் புதிய பெயரில் எழுதிக்கொள்ளுங்கள்.

வேற கம்பெனி விலைக்கு வாங்கிடுச்சு. வாங்கினவங்க என்ன பண்ணுவாங்க பாவம்?

ஒரு தொழிலை வாங்கும்போது அதன் காப்புரிமை, ஆலை, வாடிக்கையாளர், வரவேண்டிய பணம் எல்லாவற்றையும் வாங்குகிறார்கள். பழிக்கு மட்டும் "அது எங்களுடையது இல்லை" என்பதை நான் ஏற்க மாட்டேன். வாங்குவதற்கு முன்னால் மாதக்கணக்கில் கோப்புகளைத் தோண்டிப் பார்ப்பது அவர்கள் வழக்கம். தெரியாமல் வாங்கியவர் யாரும் கிடையாது.

போபாலை நினைத்துப் பாருங்கள். 1984 டிசம்பர் 2-3 இரவு யூனியன் கார்பைடின் ஆலையிலிருந்து மீத்தைல் ஐசோசயனேட் வாயு கசிந்தது; ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். 1989-இல் 47 கோடி டாலருக்கு உடன்பாடு. அந்த ஆலையை நடத்திய அதன் இந்தியத் துணை நிறுவனம் 1994-இல் கைமாறியது. 2001-இல் யூனியன் கார்பைடை டௌ கெமிக்கல் வாங்கியது. அந்த ஆலையைத் தாங்கள் ஒருபோதும் வைத்திருக்கவோ நடத்தவோ இல்லை, பொறுப்பு தங்களுடையதில்லை என்பதே டௌவின் நிலை. நீதிமன்றங்களும் கூடுதல் இழப்பீடு கேட்ட மனுவை ஏற்கவில்லை. 2023-இல் இந்திய உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. சட்டப்படி கதை முடிந்திருக்கலாம். ஆனால் ஆலையில் கிடந்த நச்சுக் கழிவு அங்கிருந்து லாரியில் ஏற்றப்பட்டதே 2025 ஜனவரியில்தான், நாற்பது வருடம் கழித்து. ஒவ்வொரு கைமாற்றமும் பொறுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்தது. நாமும் சேர்ந்து அதைக் கரைக்க வேண்டாம்.

அது தாத்தா காலத்துல நடந்தது. அதுக்கு இப்ப இருக்கறவங்க என்ன பண்ண முடியும்?

இப்போதிருப்பவர்களைக் குற்றவாளி என்று சொல்ல முடியாது, சரி. ஆனால் இரண்டு விஷயம் அவர்கள் கையில் இருக்கிறது: உண்மையைச் சொல்வது, அந்தத் தவறால் வந்த லாபத்தில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுப்பது. இரண்டாம் உலகப்போரில் அடிமை உழைப்பைப் பயன்படுத்திய ஜெர்மன் நிறுவனங்கள் பல. ஐ.ஜி. ஃபார்பென் என்ற ரசாயன நிறுவனம், நாஜிக்களின் ஆஷ்விட்ஸ் வதை முகாமுக்குப் பக்கத்திலேயே ஆலை கட்டியது. போருக்குப் பின் அதை உடைத்தார்கள். அதற்குள் இருந்த பேயர், பிஏஎஸ்எஃப் போன்ற நிறுவனங்கள் மறுபடி தனித்தனியாக வந்தன. அதோடு முடிந்ததா? ஆஷ்விட்ஸ் தொடர்பாகத் தண்டனை பெற்ற ஐ.ஜி. ஃபார்பென் நிர்வாகி ஃபிரிட்ஸ் டெர் மேர் 1950-இல் விடுதலையானார். 1956-இல் பேயரின் மேற்பார்வைக் குழுத் தலைவராகவே உட்கார்ந்தார். ஐம்பதுகளில் ஒருவர் பேயரை மன்னிக்க மறுத்திருந்தால் அவர் பழைய பகையைப் பிடித்துத் தொங்கியதாக யாரும் சொல்ல முடியாது.

2000-இல் ஜெர்மன் அரசும் தொழில் நிறுவனங்களும் பாதிப் பாதி போட்டு 1,000 கோடி மார்க்கில் ஓர் அறக்கட்டளை அமைத்தன. கட்டாய உழைப்பில் சிக்கி உயிரோடிருந்த 16 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்குப் பணம் போனது. 55 வருடம் தாமதம், வழக்குகளின் நெருக்கடியில் வந்த தீர்வு, எல்லாம் உண்மை. ஆனாலும் அந்தக் கணக்கு தொடங்கியது அப்போதுதான் என்று சொல்வேன்.

உண்மையிலேயே மாறிட்டாங்களா, நடிக்கறாங்களான்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

நான் அதிகம் யோசித்த கேள்வி இது. ஜப்பானில் மினமாட்டா ஊர்க் கடலில் சிஸ்ஸோ நிறுவனம் பாதரசக் கழிவைக் கொட்டியது. மீன் சாப்பிட்டவர்களுக்கு நரம்பு நோய் வந்தது. 1956-இல் நோய் வெளியே தெரிந்தது. 1959 டிசம்பரில் சிஸ்ஸோ ஒரு சுத்திகரிப்பு நிலையத்தை விழா எடுத்துத் திறந்தது. தலைவரே எல்லோர் முன்பும் ஒரு கிளாஸ் தண்ணீரை எடுத்து, சுத்திகரித்த நீர் என்று சொல்லிக் குடித்தார். பாதரசம் கலந்த கழிவு அந்த நிலையம் வழியாகப் போகவே இல்லை. நிறுவனத்தின் மருத்துவர் அந்தக் கழிவைப் பூனைக்குக் கொடுத்துப் பார்த்து, பூனைக்கும் அதே நோய் வந்ததை அந்த வருடமே கண்டுபிடித்திருந்தார். நிறுவனம் அதை மறைத்தது. கழிவு 1968 வரை ஓடியது.

அந்த கிளாஸ் தண்ணீரை நான் மறப்பதே இல்லை. நிறுவனம் தானே நடத்தும் நிகழ்ச்சி, தானே வெளியிடும் அறிக்கை, தானே கொடுக்கும் விளம்பரம் எதையும் மாற்றத்துக்குச் சாட்சியாக எடுக்க மாட்டேன். வெளியாள் சோதித்திருக்க வேண்டும். அல்லது லாபத்துக்கு எதிராக ஒரு முடிவை எடுத்திருக்க வேண்டும். அல்லது பிரச்சினையை வெளியார் கண்டுபிடிக்கும் முன்பே தாமே சொல்லியிருக்க வேண்டும். இதில் ஒன்றாவது இருந்தால்தான் பேச்சு.

மைக்ரோசாஃப்ட் முன்னாடி மோசம், இப்ப நல்லவங்கன்னு சொல்றாங்களே?

பாதி உண்மை, அதனால்தான் இதைத் தனியாக எடுத்தேன். 2001-இல் அதன் தலைமை நிர்வாகி, யாரும் இலவசமாக எடுத்து மாற்றிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் புற்றுநோய் என்றார். 2018-இல் அதே நிறுவனம் இப்படி எல்லோருக்கும் திறந்துவிடப்பட்ட, திறமூலம் எனப்படும் நிரல்கள் குவிந்திருக்கும் கிட்ஹப் தளத்தை வாங்கியது. 2020-இல் திறமூல விஷயத்தில் தாங்கள் வரலாற்றின் தவறான பக்கத்தில் நின்றதாக அதன் உயரதிகாரி ஒருவர் வெளிப்படையாகச் சொன்னார். இந்த விஷயத்தில் மாறிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன். அவர்கள் தொழிலின் ஒரு பெரும் பகுதி இப்போது லினக்ஸ் சர்வர்களை நம்பியிருக்கிறது. லாபமும் மாற்றமும் ஒரே திசையில் போவதால் அது நிற்கும்.

ஆனால் ஆதிக்கத்தைப் பயன்படுத்தி போட்டியாளரை நசுக்குவது வேறு பழக்கம். ஐரோப்பிய ஆணையம் 2004-இல் 49.7 கோடி யூரோ அபராதம் போட்டது. உத்தரவைப் பின்பற்றவில்லை என்று 2008-இல் 89.9 கோடி. எந்த பிரவுசர் வேண்டும் என்று பயனர் தேர்வு செய்யும் திரையைக் காட்டுவதாகக் கொடுத்த வாக்கை மீறியதற்கு 2013-இல் 56.1 கோடி. ஆகவே ஒரு நிறுவனத்தை மொத்தமாக மன்னிக்கவும் வேண்டாம், மொத்தமாகத் தள்ளவும் வேண்டாம். எந்தப் பழக்கம் மாறியது, எது மாறவில்லை என்று பிரித்துப் பாருங்கள்.

இரண்டாவது தடவையும் அதையே பண்ணா?

முதல் தவறின் கணக்கும் மறுபடி முதலிலிருந்து தொடங்கும், இந்தத் தடவை இரட்டிப்பாக. போயிங் 737 மேக்ஸ் விமானங்கள் 2018 அக்டோபரிலும் 2019 மார்ச்சிலும் விழுந்து 346 பேர் இறந்தார்கள். விமானி அறியாமலேயே மூக்கைக் கீழே தள்ளிய ஒரு மென்பொருள் அதில் இருந்தது. 2021 ஜனவரியில் அமெரிக்க நீதித்துறையோடு ஓர் ஒப்பந்தம்: மூன்று வருடம் ஒழுங்காக இருந்தால் வழக்கு கைவிடப்படும். அந்த மூன்று வருடம் முடிய சில நாட்களே இருந்தபோது, 2024 ஜனவரி 5 அன்று, பறந்துகொண்டிருந்த ஒரு மேக்ஸ் விமானத்தின் பக்கவாட்டுத் தகடு பிய்த்துக்கொண்டு போனது. அதைப் பிடித்திருக்க வேண்டிய நான்கு போல்ட்களும் மாட்டப்படாமலே விமானம் ஆலையை விட்டு வெளியே வந்திருந்தது. ஒப்பந்தத்தை போயிங் மீறியதாக நீதித்துறையே மே மாதம் சொன்னது.

மென்பொருள் வேறு, போல்ட் வேறு என்று வாதாடலாம். ஆனால் அவசரத்தில் பாதுகாப்பைப் பின்னுக்குத் தள்ளுவது என்ற பழக்கம் ஒன்றுதான். இரண்டாவது தவறு ஒரே வகையா என்று பார்க்கும்போது, உடைந்த பொருளைப் பார்க்காமல் காரணத்தைப் பாருங்கள்.

எல்லா கம்பெனியும்தான் தப்பு பண்ணுது. இவங்களை மட்டும் ஏன் பிடிக்கணும்?

எல்லோரும் தவறு செய்கிறார்கள், எல்லோரும் ஒரே அளவில் மறைப்பதில்லை. 2015-இல் பிடிபட்ட ஃபோக்ஸ்வாகனை எடுத்துக்கொள்ளுங்கள். புகைச் சோதனை நடப்பதை வண்டியே கண்டுபிடித்து, அப்போது மட்டும் சுத்தமாக ஓடும்படி மென்பொருள் எழுதியிருந்தார்கள். சாலையில் நைட்ரஜன் ஆக்சைடு வரம்பைப் போல 40 மடங்கு வரை வந்தது. உலகம் முழுக்க சுமார் 1.1 கோடி வண்டிகள். அது கவனக்குறைவு இல்லை, உட்கார்ந்து யோசித்துச் செய்தது. தவறி நடந்ததையும் திட்டமிட்டு ஏமாற்றியதையும் ஒரே தட்டில் வைத்தால், நேர்மையாகத் தவறியவருக்குத்தான் அநியாயம்.

நான் ஒருத்தன் வாங்காம விட்டா அவங்களுக்கு என்ன நஷ்டம்?

உங்கள் ஒருவரால் ஒன்றும் இல்லை. ஆனால் ஏழை நாடுகளில் தாய்ப்பாலுக்குப் பதிலாகப் பால்பவுடரைத் தள்ளி விற்றதற்காக 1977-இல் நெஸ்லேவுக்கு எதிராகத் தொடங்கிய புறக்கணிப்பும் இப்படி ஒவ்வொருவராகச் சேர்ந்ததுதான். 1981-இல் உலக சுகாதார அமைப்பில் பால்பவுடர் விற்பனைக்கென்று ஒரு நெறிமுறை வந்தது. அதைப் பின்பற்றுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டதும் 1984-இல் புறக்கணிப்பை நிறுத்தினார்கள். வாக்கைக் காப்பாற்றவில்லை என்று 1988-இல் மறுபடி தொடங்கினார்கள். இதில் நான் கற்றுக்கொண்டது: எதைச் செய்தால் நிறுத்துவோம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள், சொன்னபடி நிறுத்தினார்கள், வாக்கு மீறியபோது திரும்பவும் வந்தார்கள். எது செய்தாலும் மன்னிக்கவே மாட்டோம் என்றால் மாறுவதால் நிறுவனத்துக்கு என்ன பயன்?

வேற வழியே இல்லை, அவங்ககிட்டதான் வாங்கணும். நான் தப்பு பண்றேனா?

இல்லை. உங்களுக்கு வேண்டிய மருந்தை ஒரே நிறுவனம்தான் செய்கிறது என்றால் வாங்கிச் சாப்பிடுங்கள். வாங்குவதும் மன்னிப்பதும் ஒன்றில்லை. புகார் எழுதலாம், பில்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளலாம், நடந்ததை நான்கு பேரிடம் சொல்லலாம்.

அந்தக் கம்பெனியில வேலை கிடைச்சிருக்கு. சேரலாமா?

வயிற்றுப்பாட்டை வைத்து யாரையும் குறை சொல்ல மாட்டேன். நேர்முகத் தேர்வில் அந்தப் பழைய விவகாரத்தைப் பற்றி ஒரு கேள்வி கேளுங்கள். "அதெல்லாம் மீடியா பெரிதாக்கியது" என்று பதில் வந்தால் அது ஒரு தகவல். "அன்றைக்கு இது நடந்தது, அதனால் இப்போது இப்படிச் செய்கிறோம்" என்று மேசைக்கு எதிரே இருப்பவர் தடுமாறாமல் சொன்னால் அதுவும் ஒரு தகவல்.

எனக்குக் கோபம் போயிடுச்சு. ஆனா பாதிக்கப்பட்டவங்க இன்னும் மன்னிக்கலை. நான் மன்னிக்கலாமா?

உங்களுக்கு நடக்காத தவறை மன்னிக்கும் உரிமை உங்களிடம் இல்லை. மறுபடி வாங்குவதா என்று முடிவு செய்யும் உரிமை மட்டும் இருக்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் "இன்னும் எதுக்கு அழறாங்க" என்ற பேச்சு வருகிறது. மினமாட்டாவில் 1959-இல் சிஸ்ஸோ நோயாளிகளுக்குக் கொடுத்தது இழப்பீடு இல்லை, 'அனுதாபத் தொகை'. இனி எதுவும் கேட்க மாட்டோம் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கையெழுத்து செல்லாது என்று 1973-இல்தான் நீதிமன்றம் சொன்னது. நடுவில் இருந்த இத்தனை வருடமும், "அதான் பணம் வாங்கிட்டாங்களே" என்று ஊரே அவர்களைப் பார்த்திருக்கும்.

நீங்கள் வாங்கத் தொடங்கினாலும், பாதிக்கப்பட்டவர் பேசும்போது வாயை அடைக்காதீர்கள். அது போதும்.

நீங்களே யாரையாவது திரும்ப ஏத்துக்கிட்டது உண்டா?

உண்டு. மாதச் சந்தா வாங்கும் சேவை ஒன்று. ரத்து செய்த பிறகும் நான்கு மாதம் என் கணக்கிலிருந்து பணம் எடுத்தார்கள். போனில் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கதை சொல்ல வைத்தார்கள். ஆறு வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. நடுவில் அவர்கள் பழைய வாடிக்கையாளர்களுக்குத் தாமாகவே கணக்குப் பார்த்துப் பணம் திருப்பியதாக எங்கள் குழுவில் மூன்று பேர் சொன்னார்கள். எனக்கும் வட்டியில்லாமல் வந்து சேர்ந்தது. எடுத்தது எங்கள் தவறு என்று கூடவே ஒரு கடிதமும் வந்தது.

போன வருடம் அந்தச் சேவை தேவைப்பட்டது. சேரும் முன்னால் எப்படி வெளியேறுவது என்று தேடினேன். முன்பு ஐந்து திரை தள்ளி, சாம்பல் நிறத்தில் ஒளிந்திருந்த 'ரத்து செய்' பொத்தான் இப்போது முதல் பக்கத்திலேயே இருந்தது. ஒரு மாதத்துக்குச் சேர்ந்து, மறுநாளே ரத்து செய்து பார்த்தேன். இரண்டு தட்டலில் முடிந்தது. அடுத்த மாதம் பணம் எடுக்கவில்லை. அதற்கடுத்த மாதமும் வங்கிக் கணக்கைத் திறந்து பார்த்துவிட்டு, மறுபடி சேர்ந்தேன்.